வண்டிக்குத் தரம் உண்டு, வண்டியில் வருபவருக்கு?

சித்தப்பா பிழைத்துக்கொண்டார், இப்போது நன்றாக இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அவருடைய உடம்பைப் பற்றிய பதிவு இல்லை. அன்று காலை 108 வண்டியில் வந்த பெண், சித்தப்பாவுக்கு மருந்து ஏற்றும் முன் ஒரு போன் பேசினார். அந்தப் போனைப் பற்றியது. அதை வைத்து எனக்கும் தம்பிக்கும் (சித்தப்பா மகன்) ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. நல்லது கெட்டது எதற்குக் கூடினாலும் எங்காவது ஒரு மூலையில் அது மறுபடியும் கிளம்பிவிடும். எனக்கு அதில் ஒரு முடிவு கிடைத்த மாதிரி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆடி மாதம், கோயிலில் கூழ் ஊற்றுவதற்காகக் கடலூர் மாவட்டம் ஆலப்பாக்கம் பக்கத்தில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். விடிகாலையில் சித்தி காபி எடுத்துக்கொண்டு போனால் மனுஷர் கட்டிலில் கிடக்கிறார், பனியன் பிழிந்தால் தண்ணீர் கொட்டும் போல வியர்வை, கண் பாதி திறந்திருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை, ஒரு கை மட்டும் லேசாக உதறுகிறது. சித்தி பக்கவாதம் என்றே முடிவு செய்து அழ ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு ஓடி வந்தார், போனில் இருந்த 108 ஆள் "வாயில எதையும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னதால் நிறுத்தினோம். நினைவில்லாதவர் வாயில் ஊற்றுகிற தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும் என்பது படித்த வீடுகளிலேயே பலருக்குத் தெரியாது.

வண்டி வந்தது. பைலட் (வண்டி ஓட்டுநரை அப்படித்தான் சொல்வார்கள்) ஒருவர், இ.எம்.டி., அதாவது அவசர மருத்துவ உதவியாளர் பெண் ஒருவர், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். வந்ததும் மூச்சைப் பார்த்தார், நாடி பார்த்தார், விரலில் குத்தி சுகர் பார்த்தார். 34, ரொம்பவே குறைவு. அதைப் பார்த்த உடனே எங்கள் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது, ஏனென்றால் சுகர் இல்லாத வீடு எங்கள் சொந்தத்தில் கிடையாது. அப்புறம்தான் அவர் போனை எடுத்தார். சென்னையில் இருக்கிற கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் நிலைமையைச் சொல்கிறார், வயது சொல்கிறார், பிரஷர் சொல்கிறார். தம்பிக்குப் பொறுக்கவில்லை. "சுகர் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு, கையில குளுக்கோஸ் பாட்டில் இருக்கு, போன்ல என்னம்மா பேச்சு, போடும்மா!" என்று கத்தினான். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே கையில் ரப்பர் பட்டை கட்டி நரம்பு தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் டாக்டர் சரி சொன்னதும் ஊசி ஏறியது, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி, அதாவது 25 கிராம் குளுக்கோஸ். பாட்டில் முடிவதற்குள் சித்தப்பா கண்ணைத் திறந்து, "ஏன் இத்தனை பேர் நிக்கிறீங்க?" என்றார்.

போன் பேசியது மொத்தம் ஒரு மூன்று நான்கு நிமிடம் இருக்கலாம். தம்பியின் கேள்வி அந்த நிமிடங்களைப் பற்றித்தான். "தெரிஞ்சா செய்யணும். தெரியலைன்னா அனுப்பக் கூடாது. ரெண்டுல எது?" கேட்பதற்கு மறுக்கவே முடியாத கேள்வி போல இருக்கும். மூளைக்குச் சர்க்கரை இல்லாமல் ஒருவர் கிடக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் நட்டம்தான். எனக்கும் அன்றைக்குப் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியில் ஏதோ ஒன்று தப்பு என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஐம்பது நாள் படிப்பு

தம்பியின் அடுத்த வாதம் பயிற்சியைப் பற்றி. 108-க்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு நம் ஊர்ப் பேப்பரில் அடிக்கடி வரும், பார்த்திருப்பீர்கள். நர்சிங் முடித்தவர்கள், லேப் டெக்னீஷியன் படித்தவர்கள், விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி மாதிரி உயிர் அறிவியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் சுமார் 50 நாள் பயிற்சி, வகுப்பறை, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் மூன்றும் சேர்த்து. பைலட்டுக்குச் சுமார் 10 நாள். "அம்பது நாள்ல என்ன கத்துக்க முடியும்? கார் ஓட்டக் கத்துக்கவே ரெண்டு மாசம் ஆவுது" என்பது தம்பி கட்சி.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு மற்ற நாடுகளில் எப்படி என்று தேடிப் படித்தபோதுதான் கணக்கு வேறு மாதிரி இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் இந்த வேலைக்கு நான்கு படி. முதல் உதவியாளர், சுமார் 50 மணி நேரப் பயிற்சி. அடுத்தது இ.எம்.டி., 150 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அடுத்தது மேம்பட்ட இ.எம்.டி., அதற்கு மேலும் ஒரு 150 முதல் 250 மணி நேரம். கடைசிப் படி பாராமெடிக், ஆயிரம் மணி நேரத்துக்கு மேல். ஒவ்வொரு படிக்கும் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள், 2007-ல் ஒரு தேசிய மாதிரி, 2019-ல் திருத்தியது. அந்தப் பட்டியலின்படி சாதாரண இ.எம்.டி. நினைவோடு இருக்கும் நோயாளிக்கு வாய்வழியாகக் குளுக்கோஸ் தரலாம், விரலில் குத்தி சுகர் பார்க்கலாம், அவ்வளவுதான். நரம்பில் ஊசி ஏற்றி டெக்ஸ்ட்ரோஸ் போடுவதற்கு மூன்றாவது படியில் இருக்க வேண்டும்.

அதாவது சித்தப்பாவின் கையில் அந்தப் பெண் செய்த வேலை அங்கே மூன்றாம் படிக்காரர் செய்கிற வேலை. இங்கே 50 நாளை எட்டு மணி நேரத்தால் பெருக்கினால் 400 மணி நேரம் வருகிறது, அதுவும் கிட்டத்தட்ட அந்த மூன்றாம் படிக்காரரின் மொத்த மணி நேரம்தான். அதற்கு முன்னால் மூன்று வருடப் பட்டமோ நர்சிங்கோ வேறு இருக்கிறது. ஆகவே "ஒன்றும் தெரியாமல் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள்" என்று பேசுவது அநியாயம். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15-ம் தேதி அண்ணா பிறந்த நாளன்று இந்தச் சேவை தொடங்கியதிலிருந்து, முந்திரிக் காட்டுக்குள்ளும் வண்டிப்பாதை முடிகிற இடத்திலும் பிரசவம் பார்த்தவர்கள் இவர்கள். தானே புயலும் 2015 வெள்ளமும் பார்த்த மாவட்டம் இது, இவர்களை நாங்கள் குறைத்துப் பேசக் கூடாது.

அப்படியென்றால் அந்தப் போன் எதற்கு? கையில் திறமை இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, நோயும் தெரிந்துவிட்டது, பிறகும் எதற்கு சென்னைக்குப் போன்?

மாத்திரை அட்டை

இதற்குப் பதில் எனக்குக் கிடைத்தது அந்த வீட்டுக்குள்ளேயும், பிறகு ஆஸ்பத்திரி வாசலிலும். தம்பி போனை மட்டும் பார்த்தான், நான் வேறு ஒன்றைப் பார்த்தேன்.

சித்தப்பா எழுந்து உட்கார்ந்ததும் வீடு அடங்கிவிட்டது. சித்தி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். சித்தப்பா, "எழுந்துட்டேன் இல்ல, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி, இட்லி வையுங்க" என்றார். சற்று முன்பு கத்திய தம்பியும் "சரியாயிடுச்சே, போகட்டும் விடுங்க" என்றான். வண்டியைத் திருப்பி அனுப்ப நாங்கள் எல்லோரும் தயார். அந்தப் பெண் மட்டும் கிளம்பவில்லை. "ஐயா என்ன மாத்திரை சாப்பிடுறாரு, அட்டையைக் கொண்டாங்கம்மா" என்று கேட்டார். சித்தி டப்பாவோடு கொண்டு வந்தார். அவர் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்து ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். முந்தின நாள் சித்தப்பாவுக்கு வயிற்றுப்போக்கு, ராத்திரி ஒன்றும் சாப்பிடவில்லை, ஆனால் சுகர் மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். கிட்னி கொஞ்சம் பலவீனம் என்று போன வருடம் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் கேட்டு வாங்கினார். எல்லாவற்றையும் மறுபடி போனில் டாக்டரிடம் சொன்னார். பிறகு சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கோபமே இல்லாமல், "ஐயா, நான் போட்டது ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். நீங்க முழுங்கினது சாயங்காலம் வரைக்கும் வேலை செய்யும். நான் போன பிறகு மறுபடி படுத்துட்டீங்கன்னா நான் திரும்பி வர்றதுக்குள்ள என்ன ஆகும்னு சொல்ல முடியாது" என்றார்.

அந்த ரகச் சுகர் மாத்திரை, கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு குடும்பம், கணையத்தை விரட்டி விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கும். கிட்னி பலவீனமானவர் உடம்பில் அது நெடுநேரம் தங்கும். ஒரு முறை குளுக்கோஸ் ஏற்றி எழுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் வீட்டிலேயே மறுபடி விழுகிறார்கள். சித்தப்பாவை வண்டியில் ஏற்றி மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மத்தியானம் சுகர் மறுபடியும் கீழே இறங்கியது. இந்த முறை அவர் வார்டில் இருந்தார், டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஸ்டாஃப் நர்ஸ் இருந்தார்.

எனக்கு அங்கேதான் எல்லாம் திரும்பியது. தம்பி அந்தப் பெண்ணின் திறமையை ஊசியில் அளந்தான், சீக்கிரம் போட்டாரா இல்லையா என்று. ஆனால் சித்தப்பாவைக் காப்பாற்றியதில் ஊசிக்கு எவ்வளவு பங்கோ, அந்த அட்டையைக் கேட்டு வாங்கியதற்கும் அவ்வளவு பங்கு. எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிற ஆளை ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும் என்று நிற்கிற உறுதி, எந்தத் தகவல் டாக்டருக்குத் தேவை என்று தெரிவது, இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் ஒரு வரியாக வராது. இவருக்கு ஊசி போட அனுமதி உண்டா, குழாய் இறக்க அனுமதி உண்டா என்று நாம் பேசுவது எல்லாம் கை வேலையைப் பற்றி. மேல் படிக்குப் போகப் போகக் கூடுவது கை வேலை மட்டும் இல்லை, எதைச் செய்யாமல் விடுவது, எப்போது கிளம்புவது, எங்கே கொண்டு போவது என்கிற தீர்மானம்.

ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த பிறகு ஸ்ட்ரெச்சர் திரும்பி வருவதற்காக அவர் வெளியே மரத்தடியில் காத்திருந்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். தம்பி பேசியதற்கு வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மைக்ரோபயாலஜி படித்தவர், வண்டியில் ஆறு வருடம் ஆகிறதாம். நேரடியாகவே கேட்டேன், இவ்வளவு தெரிந்தும் போன் செய்து கேட்க வேண்டியிருக்கிறதே என்று. கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்க்கா. வேற யாருக்குத் தெரியும்? போன்ல டாக்டர் சொன்னா ரெக்கார்ட் ஆவுது, அது எனக்கும் பாதுகாப்பு, ஐயாவுக்கும் பாதுகாப்பு. நானா போட்டு, மருந்து நரம்புக்கு வெளியில போய் கை புண்ணாச்சுன்னா, உன்னை யாரு போடச் சொன்னதுன்னு உங்க தம்பியே கேப்பாரு." கேட்பான், சந்தேகமே வேண்டாம். அடர்த்தியான டெக்ஸ்ட்ரோஸ் நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையே வெந்துபோகும். இன்னும் ஒன்று சொன்னார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் சேர்ந்தப்போ எதுக்கு போன் பண்ணனுமோ, இன்னைக்கும் அதுக்குத்தான் போன் பண்றேன். நேத்து சேர்ந்த பொண்ணும் அதுக்குத்தான் பண்ணும்."

வேறு யாருக்குத் தெரியும்

அந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால் அமெரிக்கக்காரர்கள் எழுதி வைத்திருப்பதன் அர்த்தம் விளங்குகிறது. அவர்கள் நான்கு விஷயத்தைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். படித்திருக்க வேண்டும். படித்தது நிஜம்தான் என்று வெளியாள் ஒருவர் தேர்வு வைத்துச் சான்று தர வேண்டும், வேலை கொடுக்கிற நிறுவனம் இல்லை, 1970-ல் தொடங்கிய தேசியப் பதிவேடு ஒன்று அதற்கென்றே இருக்கிறது. மாநில அரசு உரிமம் தர வேண்டும். கடைசியாக அந்த ஊர்ச் சேவைக்குப் பொறுப்பான டாக்டர், இவர் இதைச் செய்யலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் நோயாளியின் உடம்பில் கை வைக்க முடியும். நம் இ.எம்.டி.க்கு முதலாவது இருக்கிறது. நான்காவது போனில் ஒவ்வொரு தடவையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது. நடுவில் இரண்டும் இல்லாததால்தான் அந்தப் போன் இவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது. ஆறு வருட அனுபவம் ஒரு காகிதத்திலும் ஏறவில்லை.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. நம் நாட்டில் ஆம்புலன்ஸ் வண்டிக்குத் தரம் நிர்ணயித்திருக்கிறோம். ஏ.ஐ.எஸ். 125 என்று ஒரு விதி, ஏ முதல் டி வரை நான்கு வகை. முதல் உதவிக்கான வண்டி, நோயாளியைச் சும்மா ஏற்றிச் செல்லும் வண்டி, அடிப்படை உயிர்காப்பு வண்டி, மேம்பட்ட உயிர்காப்பு வண்டி. உள்ளே உயரம் எவ்வளவு, ஸ்ட்ரெச்சர் எப்படி, விளக்கு எங்கே, ஆக்சிஜன் எங்கே என்று எல்லாம் எழுதியிருக்கிறது. ஏறி உட்காருகிற மனிதருக்கு மட்டும் நாடு முழுக்கச் செல்லுபடியாகிற படிகள் நடைமுறைக்கு வரவில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் நோயாளிகளைப் பார்த்தால் இதன் விலை தெரியும். தென்பெண்ணைப் பாலம் தாண்டி, முள்ளோடையில் எல்லை தாண்டி, அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலைத் தாண்டி, ஊருக்கு வடக்கே கோரிமேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். தனியார் வண்டி ஒன்றில் மூச்சுக்குழாய் போட்ட தகப்பனுக்கு மகனே அம்பு பேக்கை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) அழுத்திக்கொண்டு போனதை எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அனுபவித்திருக்கிறது. வண்டியில் டிரைவர் மட்டும்தான். வெளியே ஐ.சி.யு. வசதி என்று ஸ்டிக்கர். ஐந்து ஆறு விநாடிக்கு ஒரு தரம் மெதுவாக அழுத்த வேண்டும், பயத்தில் வேகமாக அழுத்தினால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி இதயத்துக்கு ரத்தம் திரும்புவதே குறையும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமா

தம்பி சொல்வது போல "தெரிந்தால் செய்ய விடுங்கள்" என்று எல்லா அதிகாரத்தையும் வண்டிக்குக் கொடுத்துவிடலாமா என்றால், அதற்கும் நான் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள், ஓபால்ஸ் ஆய்வு என்று பெயர். ஏற்கனவே நின்ற இதயத்துக்குச் சீக்கிரம் மின் ஷாக் கொடுக்கிற ஏற்பாடு நன்றாக இருந்த ஊர்களில், மூச்சுக்குழாய் இறக்குவது, நரம்பில் மருந்து போடுவது என்று மேம்பட்ட வேலைகளைச் சேர்த்தார்கள். இதயம் நின்றவர்களில் பிழைத்தவர்களின் பங்கு 5.0 சதவீதமாக இருந்தது, சேர்த்த பிறகு 5.1. 2004-ல் வந்தது அந்த முடிவு. பெரிய விபத்துக் காயங்களிலும் பிழைப்போர் அளவு கூடவில்லை, அவர்களில் நினைவிழந்த நிலையில் இருந்தவர்களிடம் இறப்பு கூடவே செய்தது. ஆனால் மூச்சுத் திணறல் நோயாளிகளில் இறப்பு 14.3 சதவீதத்திலிருந்து 12.4-க்கு இறங்கியது. எனக்கு இது ரொம்ப முக்கியமான தகவலாகப் படுகிறது. நாங்கள் வீட்டில் சண்டை போட்டது ஒட்டுமொத்தமாக, கொடுக்கலாமா கூடாதா என்று. ஆய்வு சொல்வது நோய்க்கு நோய் பதில் மாறும் என்று. ரத்தம் போய்க்கொண்டிருக்கும் விபத்துக்காரருக்கு ரோட்டோரத்தில் நின்று வித்தை காட்டுவதைவிட, ரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளம்புவது மேல். மூச்சுத் திணறலுக்கு வண்டியிலேயே வைத்தியம் ஆரம்பிப்பது மேல். லோ சுகரும் அப்படித்தான், வீட்டு வாசலிலேயே ஆரம்பிக்க வேண்டிய வைத்தியம்.

அதனால் அனுமதி என்பது ஒவ்வொரு நிலைமைக்கும் தனித்தனியாக, படிக்குப் படி, எழுத்தில் வர வேண்டும். இதைத் தம்பிக்குப் புரிய வைக்க எனக்கு உதவியது அவன் வேலைதான். அவன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சேஃப்டி பிரிவில் இருக்கிறான். அங்கே ஓடிக்கொண்டிருக்கிற பிளாண்டில் வெல்டிங் பண்ண வேண்டுமானால் வொர்க் பர்மிட் வேண்டும், இருபது வருட அனுபவக்காரரானாலும் வேண்டும். ஆனால் கேஸ் கசிந்தால் ஷிஃப்டில் இருக்கிற ஆபரேட்டர் யாரையும் கேட்காமல் எந்தெந்த வால்வை மூடலாம் என்பது முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கும், அவருக்கு அதில் தேர்வும் உண்டு, வருடா வருடம் புதுப்பிப்பும் உண்டு. "அந்தப் பொண்ணுகிட்ட சுவத்துல ஒட்டுன பட்டியல் இல்லடா, அதனால எல்லாத்துக்கும் பர்மிட் கேக்குது" என்றேன். முதல் தடவையாக அவன் எதிர்த்துப் பேசாமல் யோசித்தான். ஸ்டாண்டிங் ஆர்டர் என்று மருத்துவத்தில் சொல்வது இதைத்தான். இன்ன நிலைமை, இன்ன அளவு, இன்ன மருந்து, போன் செய்யாமல் கொடு, கொடுத்த பிறகு சொல். சந்தேகமான நிலைமை என்றால் முதலில் போன்.

படிப்பில்லாதவர்களால் முடியாது என்று யாராவது சொன்னால் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஊர்க் கதையைச் சொல்வேன். 1967-ல் அங்கே ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவைக்கு, கறுப்பின மக்கள் வாழும் ஹில் மாவட்டத்திலிருந்து வேலையில்லாத இளைஞர்களை எடுத்தார்கள், சிலர் பள்ளியைக்கூட முடிக்காதவர்கள். டாக்டர் பீட்டர் சஃபார் வகுத்த சுமார் 300 மணி நேரப் பயிற்சி. பின்னாளில் டாக்டர் நான்சி கரோலைன் அவர்களை வழிநடத்தினார், அங்கே கிடைத்த அனுபவம் நாடு முழுக்கப் பாராமெடிக் பாடத்திட்டமாக மாறியது. 1975-ல் நகராட்சி தன் சேவையைத் தொடங்கியபோது ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது, அந்த இளைஞர்களில் பலருக்குப் புதிய சேவையில் நிலைக்க இடம் கிடைக்கவில்லை. வேலையை உருவாக்கியவர்களே படி வரும்போது வெளியே தள்ளப்பட்டார்கள்.

அதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. 2021-ல் நம் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அவசர மருத்துவ டெக்னாலஜிஸ்ட், அட்வான்ஸ் கேர் பாராமெடிக் இரண்டும் அதன் அட்டவணையில் உண்டு. அந்தச் சட்டப்படி முதல் தடவையாக இந்த வேலைக்கு ஒரு பதிவேடும், மாநிலத்துக்கு மாநிலம் கவுன்சிலும் வர வேண்டும். சந்தோஷம். ஆனால் சட்டம் கேட்கும் படிப்பு, ஒரு வகைக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், இன்னொரு வகைக்கு 3,600. மரத்தடியில் என்னோடு டீ குடித்த பெண்ணின் கணக்கு 400. ஆறு வருட வண்டி அனுபவத்தை எத்தனை மணி நேரமாக எடுத்துக்கொள்வார்கள்? வேலையில் இருந்துகொண்டே, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்கு நடுவில், மீதியைப் படித்து முடிக்க இணைப்புப் படிப்பு உண்டா, அதற்கு யார் பணம் கட்டுவார்கள்? புதிதாகப் பட்டம் வாங்கி வரும் பிள்ளைகளுக்கு முதல் இரவு எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொடுக்கப் போவதே இந்தப் பழைய ஆட்கள்தான். அவர்களுக்கு ஏற வழி வைக்காமல் மேலே மட்டும் புதிய படியைக் கட்டினால் பிட்ஸ்பர்க்கில் நடந்ததுதான் நடக்கும். அதே போல முள்ளோடைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி. நோயாளி அரை மணி நேரத்தில் ஒரு அரசாங்கத்திலிருந்து இன்னொரு அரசாங்கத்துக்குப் போகிறார். பாகூரில் பதிவு செய்தவர் தூக்கணாம்பாக்கத்தில் இதே வேலையை இதே அதிகாரத்தோடு செய்ய முடிய வேண்டும், அதையும் இரண்டு கவுன்சிலும் சேர்ந்து முதலிலேயே பேசி வைக்க வேண்டும்.

போன வாரம் தம்பி போன் செய்தான். வண்டியில் ஒட்டுவதற்கு ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தானாம், லோ சுகருக்கு மட்டும். நினைவில்லை, சுகர் இந்த அளவுக்குக் கீழே, நரம்பு கிடைத்தால் டெக்ஸ்ட்ரோஸ் போடு, பிறகு போன் செய். இரண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்காவிட்டால் மூன்றாவது தடவை முயற்சி செய்யாதே, உடனே போன் செய்துகொண்டே கிளம்பு. மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொள். எழுந்து உட்கார்ந்தாலும் வீட்டில் விடாதே. நான் கேட்டேன், ஆறு வருடக்காரருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஒரே பட்டியலா என்று. "அதுல ரெண்டு பத்தி பிரிச்சுப் போட்டிருக்கேன்க்கா," என்றான். "ரெண்டாவது பத்திக்கு மூணு வருஷ சர்வீஸும் ஒரு பரீட்சையும். பரீட்சையை யாரு வைக்கணும்ங்கறதுதான் இன்னும் முடிவாகலை, கம்பெனியே வைக்கக் கூடாதுன்னு எனக்குப் படுது, நீங்க என்ன சொல்றீங்க?"